டயரின் முதுமையும் மாரிகால வீதியும்



கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கு நோக்கி வரும் நெடுவீதி, கல்முனையையும் சாய்ந்தமருதையும் காரைதீவையும் நிந்தவூரையும் அட்டாளைச்சேனையையும் அக்கரைப்பற்றையும் ஒரே நூலிற் கோத்த மணிகளாகத் தொடுத்துக்கொண்டு பொத்துவில் வரை செல்கின்றது. அவ்வீதிக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே வாழும் நாம் ஆண்டை இரண்டு காற்றுகளாற் பகுத்துக்கொண்டவர்கள். ஆனி, ஆடியிற் கச்சான் வீசும். அது நிலத்தையும் மனிதரையும் ஒருங்கே காயவைக்கும் காற்று. ஐப்பசி பிறந்து வாடை திரும்பியதும் மாரி தொடங்கிவிடும். ஆண்டு முழுவதற்குமுரிய மழையின் பெரும்பங்கு தை மாதம் முடிவதற்குள் பெய்து தீர்ந்துவிடுகின்றது.

இவ்விரு காற்றுகளுக்குமிடையில் அகப்பட்டுக்கொண்ட ஒரு பொருளின் வரலாறே இன்றைய பேச்சு. அப்பொருள் டயர். கச்சானில் அது மூப்படைகின்றது. மாரியில் அதன் மூப்பு வெளிப்படுகின்றது. மாரிகாலத்தில் ஒரு வாகனம் வழுக்கி வயலுக்குள் இறங்கினால், மழையைக் குறை கூறுகின்றோம். வீதியைக் குறை கூறுகின்றோம். சாரதியைக் கூறுவதற்கோ குறைவில்லை. அந்த வாகனத்தின் டயர்களுக்கு என்ன வயது என்று கேட்டவரை நான் அதிகம் கண்டதில்லை. அவ்வாறு கேளாமல் விடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது நமது நாட்டின் பஞ்சகாலங்களிலிருந்து வந்த பழக்கம் என்பது என் கருத்து. அதனை விளக்குவதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நம் பாட்டன்மார் அறிந்த சில்லு மரச்சில்லு. கொல்லன் இரும்புப் பட்டத்தைச் செந்தணலிற் காய்ச்சி மரவிளிம்பின்மேல் ஏற்றி, உடனே நீரூற்றிக் குளிர்விப்பான். பட்டம் சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். கோடையில் மரம் காய்ந்து பட்டம் தளர்ந்துவிட்டால், கரத்தையைக் குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கி ஊறவிடுவார்கள். மரம் பருத்து மீண்டும் பட்டத்தை நிரப்பும். முதிர்ந்த மரச்சில்லுக்கு நீரே மருந்து. கரைவாகுப் பற்றிலும் சம்மாந்துறைப் பற்றிலும் நெல்லேற்றிய கரத்தைகள் சேற்றிலும் மணலிலும் இப்படித்தான் காலந்தள்ளின. ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். அந்தச் சில்லு நிலத்தைப் பற்றிப்பிடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பிடிப்பு மாட்டின் குளம்பிலிருந்தது. சில்லு வெறுமனே உருண்டது. மோட்டார் வண்டி வந்தபோதுதான் இழுப்பதும், நிறுத்துவதும், திருப்புவதுமாகிய மூன்று தொழில்களும் சில்லின் தலையிலே விழுந்தன. ஒரு காரின் ஒவ்வொரு டயரும் எந்த நேரத்திலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு இடத்தில் மாத்திரமே வீதியைத் தொடுகின்றது. அத்தனை பாரத்தையும், அத்தனை உயிர்களையும் பிடித்துநிற்பவை அந்த நான்கு உள்ளங்கைகளே. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டுதான்.

இந்தத் தொழிலுக்கு இறப்பரைத் தகுதியாக்கியவர் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர். இறப்பரின் முதற் பகை குளிர்காலமே என்பதை அவர் கதையிலிருந்து அறியலாம். 1830களில் அங்கே இறப்பர்ச் சப்பாத்துகளும் மேலங்கிகளும் செய்து விற்றார்கள். பனிக்காலத்தில் அவை பலகைபோல விறைத்தன. கோடையிலோ உருகி ஒட்டி நாற்றமெடுத்தன. வாங்கியவர்கள் திருப்பியனுப்ப, கம்பனிகள் முறிந்தன. 1839ஆம் ஆண்டில், இறப்பருடன் கந்தகத்தைக் கலந்து சூடேற்றினால் இவ்விரு குறைகளும் நீங்குவதைக் குட்இயர் கண்டறிந்தார். 1845இல் ஸ்கொத்லாந்தரான ரொபேர்ட் தொம்சன் காற்றடைத்த சில்லுக்கு உரிமை பெற்றார். உலகம் அதனை மறந்துபோயிற்று. 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருகவைத்தியர் ஜோன் டன்லப், தம் மகனின் மூன்றுசில்லுச் சைக்கிளுக்காக அதனைத் திரும்பவும் கண்டுபிடித்தார்.

இதற்கிடையில், 1876ஆம் ஆண்டில், ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, அந்நாற்றுகளிற் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை நடப்பட்டன. அங்கிருந்துதான் இந்நாட்டு இறப்பர்த் தோட்டங்கள் பரவின. நமது கரையோரம் வரண்ட வலயம். இறப்பர் மரத்தைக் காண நாம் களுத்துறைக்கோ கேகாலைக்கோ போகவேண்டும். எனினும் நெல்லுக்கும் இறப்பருக்கும் ஒரு உறவு பின்னர் உண்டாயிற்று. 1952இல் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் அங்கே போக, 270,000 தொன் அரிசி இங்கே வந்தது. நெல்விளையும் மண்ணில் வாழும் நமக்கு இது சற்று வியப்பான கணக்கே.

கந்தகம் இறப்பருக்குள் என்ன செய்கின்றது? பிழிந்த இடியப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இறப்பரின் நுண்ணிய நூல்கள் அவ்வாறே சுருண்டு பின்னிக் கிடக்கின்றன. கந்தகம் அங்கொன்றும் இங்கொன்றுமாக அவற்றை முடிச்சிடுகின்றது. முடிச்சு அளவோடிருந்தால் இறப்பர் இழுபட்டுத் தன்னிலைக்கு மீளும். அளவுக்கு மிஞ்சினால் அது கல்லாகும். பழைய ஊற்றுப்பேனாக்களின் கரிய உடல் எபனைற் என்னும் பொருளாற் செய்யப்பட்டது. எபனைற் என்பது கந்தகம் மிகுத்த இறப்பரேயன்றி வேறில்லை.

டயர் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின்னரும் இந்த முடிச்சிடும் வேலை முற்றாக ஓய்ந்துவிடுவதில்லை. வெயிற்சூடும் காற்றிலுள்ள ஒட்சிசனும் அதனை மெல்ல மெல்லத் தொடர்கின்றன. சில இடங்களில் நூல்கள் அறுகின்றன. பல இடங்களிற் புதிய முடிச்சுகள் விழுகின்றன. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்கள் கசிந்து குறைகின்றன. காற்றிலுள்ள ஓசோன் வாயு பக்கச்சுவரைத் தாக்கி மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்குகின்றது. வெப்பம் ஏறினால் இவையெல்லாம் விரைவுபெறும். பத்துப் பாகை செல்சியஸ் கூடினாற் பல இரசாயனத் தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பாடசாலையிற் படிக்கும் பொதுவிதி. ஆடி மாதத்து மத்தியானத்தில், கச்சான் வீச, கல்முனைப் பிரதான வீதியோரத்தில் நிறுத்திவைத்த காரின் டயரைத் தொட்டுப் பாருங்கள். அது ஓடாமலே முதிர்ந்துகொண்டிருக்கின்றது.

இம்முதிர்ச்சி உலர்ந்த வீதியில் எளிதிற் புலப்படாது. மழையிலேதான் புலப்படும். அதன் காரணம் இது. இறப்பர் வீதியைப் பிடிப்பது இரண்டு வழிகளில். ஒன்று, மேற்பரப்போடு மேற்பரப்பு ஒட்டிக்கொள்வது. மற்றது, கற்களின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறப்பர் பிதுங்கிப் புகுந்து, உருமாறி, மீளுவது. வீதியில் நீர்ப்படலம் படர்ந்தவுடன் முதலாவது பிடி பெரும்பாலும் போய்விடுகின்றது. எஞ்சியது இரண்டாவது. இறுகிப்போன இறப்பராற் பிதுங்கவும் முடியாது, புகவும் முடியாது. வெயில் நாளில் எவ்விதக் குறையுமின்றி நின்ற வாகனம், அதே சாரதி, அதே வேகம், அதே வீதி, முதல் மழையன்று நிற்காமல் முன்னே வழுக்கிச் செல்வதன் இரகசியம் இதுதான். ஐப்பசியின் முதல் மழைகள் நமது பகுதியில் இன்னுமொரு வகையிலும் பொல்லாதவை. பெரும்போக விதைப்புக்காக வயலிலிருந்து ஏறிவரும் உழவு இயந்திரங்கள் தம் சில்லுகளிற் சுமந்துவந்த களிச்சேற்றை நெடுவீதியிற் கொட்டிவிட்டுப் போகின்றன. மழை அதனைக் கூழாக்கி, கோடை முழுவதும் தேங்கிய எண்ணெயோடு கலந்துவிடுகின்றது.

நீர் ஆழமாக நின்றால் வேறொரு ஆபத்து வருகின்றது. டயரின் முகத்தில் வெட்டப்பட்டிருக்கும் சால்கள் எதற்காக? நமது வயல்களில் மிஞ்சிய நீரை வடித்துவிட வாய்க்கால் எதற்கோ அதற்காகவே. புதிய கார் டயரில் இச்சால்களின் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். தேய்ந்து 1.6 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் அதனைக் கழற்றவேண்டுமென்பது பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சட்டம். சால் போதாவிட்டால் நீர் வெளியேற வழியின்றி, டயருக்கு முன்னே ஆப்புப்போலத் திரண்டு, டயரையே தூக்கிவிடும். ஓடத்தைப்போல வாகனம் நீரின்மேல் மிதக்கும். சுக்கானைத் திருப்பினாலும் பயனில்லை, தடையை மிதித்தாலும் பயனில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விமானங்கள் ஈரமான ஓடுபாதைகளில் வழுக்குவதை ஆராய்ந்து 1963இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டயரிலுள்ள காற்றழுத்தத்தைக்கொண்டே மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் கணிக்கலாமென அதிற் காட்டப்பட்டது. தேய்ந்த டயருக்கும், சால்களின் ஆழத்தை மீறி நீர் நிற்கும் வீதிக்கும் அக்கணக்குப் பொருந்தும். சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றரில் மிதக்கும். காற்றுக் குறைந்து 24 இறாத்தலாகியிருந்தால் 82 கிலோமீற்றரிலேயே மிதந்துவிடும். எனவே, தேய்மானம் ஒரு நோய்; முதுமை வேறொரு நோய். முதலாவதைக் கண் காணும். இரண்டாவதைக் காணாது.

இனி நான் முன்னர் சொன்ன பழக்கத்துக்கு வருகின்றேன். முதற் பஞ்சம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942இன் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் வசமாயின. அதனையடுத்துக் கீழைத் தீவுகளும் வீழ்ந்தன. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முதன்மையான ஊற்று இலங்கையாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நமது மட்டக்களப்புக் கடலிலே மூழ்கடிக்கப்பட்டதை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மரங்களை நாளைக்கென்று விட்டுவைக்காமல் வெட்டிப் பாலெடுத்தார்கள். அமெரிக்காவிலோ நாடு முழுவதும் மணிக்கு 35 மைலுக்கு மேல் வாகனம் ஓட்டலாகாதென 1942இற் கட்டளை பிறந்தது. பெற்றோலைச் சேமிக்கவென்று எண்ணிவிடாதீர்கள். டயர்களைச் சேமிப்பதே அதன் முதல் நோக்கம். செயற்கை இறப்பர் பெருந்தொழிலாக எழுந்ததும் அந்நெருக்கடியிலேதான். இன்று கார் டயரின் முகத்திற் செயற்கை இறப்பரே மிகுதி. லொறி டயரில் மட்டும் இயற்கை இறப்பருக்குத் தன் பழைய இடம் உண்டு.

இரண்டாவது பஞ்சம் 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். 1960களிற் சோவியத் உதவியோடு களனியில் அமைந்த அரசாங்க டயர்த் தொழிற்சாலை இருந்தபோதிலும், வாகன உதிரிப்பாகம் எதுவும் எளிதிற் கிடையாத காலம் அது. டயரை ஒட்டி, உள்ளே பழைய டயர்த்துண்டு வைத்து, முகத்தை மறுபடி வார்த்து, நூல் தெரியும்வரை ஓட்டினார்கள். அக்காலத்துச் சாரதிமாரின் கைத்திறனை நான் இழிவாகப் பேசமாட்டேன். இல்லாத நாட்டிலே இருந்ததைக்கொண்டு ஓட்டியவர்கள் அவர்கள். அவர்கள் வகுத்த அளவுகோல் ஒன்றே: வெட்டு இருக்கின்றதா, இல்லையா. மொட்டை டயர் கெட்டது. வெட்டுள்ள டயர் நல்லது.

அவ்வளவுகோல் அக்கால வீதிக்குப் பெரும்பாலும் போதுமாயிருந்தது. கிறவலும் குழியும் நிறைந்த வீதியில் எவரும் விரைந்து செல்ல முடியாது. டயரும் முதுமை எய்தும்வரை வாழ்வதில்லை. கல்வெட்டியோ, குழியில் அடிபட்டோ, தேய்ந்தோ இடைவயதிலேயே மாண்டுபோகும். போர்க்காலத்திலும் அதன்பின் ஆழிப்பேரலையிலும் சிதைந்த நமது கரையோர வீதி, போர் ஓய்ந்த பின்னர் காபட் வீதியாக மாறியது. கறுத்து, வழுவழுத்து, நேராகக் கிடக்கும் அவ்வீதியில் இரண்டு மாறுதல்கள் ஒருங்கே நிகழ்ந்தன. வாகனத்தின் வேகம் கூடிற்று. டயரின் ஆயுளும் கூடிற்று. முன்னர் காயத்தால் இறந்த டயர்கள் இப்போது கிழப்பருவம்வரை வாழ்கின்றன. வீதி மாறிவிட்டது, அளவுகோல் மாறவில்லை. சொந்தக் காரை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும், கலியாண வீட்டுக்கும், எப்போதாவது கொழும்புக்கும் மாத்திரம் எடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களின் டயரில் பத்தாண்டு கடந்தும் வெட்டு அழியாது.

மூன்றாவது பஞ்சம் நாமனைவரும் கண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபாய் வீழ்ந்து, ஒரு டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேற் சென்றது. எரிபொருளின்றி வாகனங்கள் கிழமைக்கணக்காக வெயிலில் நின்றன. ஓடாத வாகனத்துக்குச் செலவில்லையென்று ஆறுதலடைந்தோம். நின்ற இடத்திலேயே டயர் முதிர்ந்ததை யார் கணக்கிலெடுத்தார்கள்? தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளிற் பழைய டயர் கைமாறிக் கைமாறி விலைபோயிற்று. அதன் மிச்சம் இன்னும் வீதியில் ஓடுகின்றது.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவரும் வான் ஒன்றுக்கு டயர் மாற்றவேண்டுமெனப் பெற்றோர் சிலர் சொன்னபோது, விலை கேட்க நானும் உடன்சென்றேன். கடைக்காரர் அறுபதைத் தாண்டிய காக்கா ஒருவர், தொழிலறிந்தவர். சுவரிற் சாய்த்துவைத்திருந்த பழைய டயரொன்றை உருட்டிவந்து, “சேர், வெட்டைப் பாருங்க, புதுசு மாதிரி. இன்னும் ரெண்டு மாரிக்கு நிக்கும்” என்றார். பக்கச்சுவரிற் பதித்திருந்த இலக்கங்களைக் காட்டி, இதன் வயதென்ன காக்கா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பன்னிரண்டு வருடம். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “இதக் கேட்டு ஆரும் வாறல்ல சேர். கேட்டா நாங்களும் பாத்துத்தான் எடுப்பம்” என்றார். அவர் சொன்னதிற் பொய்யில்லை. ஏமாற்றுவோரும் ஏமாறுவோருமாக இதனைப் பார்ப்பது சரியன்று. வாங்குபவர் எதை அளந்தாரோ அதையே விற்பவரும் அளந்தார்.

அந்த இலக்கங்களை வாசிப்பது கடினமல்ல. டயரின் பக்கத்தில் நீண்ட குறியீடொன்றின் ஈற்றில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டும் கிழமையையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 0818 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் எட்டாவது கிழமையிற் பிறந்த டயர் அது. 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் மூன்று இலக்கங்களே இருந்தன. வாகனம் செய்வோர் பலர் ஆறாண்டில் டயரை மாற்றும்படி சொல்கின்றார்கள்; டயர் செய்வோர் பலர் எவ்வாறிருந்தாலும் பத்தாண்டே எல்லையென்கின்றார்கள். இலக்கம் உட்பக்கமாகத் திரும்பியிருந்தால், வாகனத்தின் கீழே குனிந்து பார்க்கவேண்டியிருக்கும். சாரம் உடுத்தவருக்கு அது சற்றுச் சிரமந்தான்.

வெப்பத்துக்கும் முதுமைக்கும் உள்ள உறவை அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்துள்ளது. அரிசோனாவின் பாலைவன நகரமான பீனிக்ஸில் ஓடிய டயர்களைச் சேகரித்துப் பரிசோதித்தார்கள். பயன்படுத்தாமல் வாகனத்திலேயே சுமந்து திரிந்த மேலதிக டயர்களும் மூப்படைவது அங்கே தெரியவந்தது. 2002 முதல் 2006 வரையில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணக்கைப் பார்த்தபோது, அதன் வாடிக்கையாளரில் 27 வீதத்தினரே வெப்பமான ஐந்து மாநிலங்களில் வாழ்ந்தனர். ஆனால் டயர் தொடர்பான நட்டஈட்டுக் கோரிக்கைகளில் 77 வீதம் அங்கிருந்தே வந்தன. அவற்றில் 84 வீதம் ஆறு வயது கடந்த டயர்கள். அவை பெரும்பாலும் டயர் பிரிந்தும் வெடித்தும் நேர்ந்தவை. வழுக்கலின் கணக்கு அதிலில்லை. ஆயினும், வெயில் டயரை என்ன செய்கின்றதென்பதற்கு அது போதிய சாட்சியாகும். நமது மேலதிக டயர்களோ வாகனத்தின் வயிற்றில் முதல் நாளிலிருந்து கிடப்பவை. மாரி இரவில் காற்றுப்போய், மழையில் நனைந்துகொண்டு அதனைக் கழற்றிப் பூட்டும்போது, வாகனத்திலேயே மிக முதிய டயரை மிக மோசமான வேளையிற் பூட்டுகின்றோம்.

குளிர்நாட்டார் இவ்விடயத்தில் நம்மைவிட விழிப்பானவர்கள். பனி அவர்களை விழிக்கச் செய்தது. ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயர் இறுகத் தொடங்குமென்பது அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. குளிரில் இறப்பர் மீளுந்தன்மையை இழப்பது எவ்வளவு பாரதூரமானதென்பதை உலகம் 1986 ஜனவரி 28ஆந் திகதி கண்டது. ‘சலஞ்சர்’ விண்ணோடம் வெடித்துச் சிதறியதற்குக் காரணம் குளிரில் விறைத்த ஓர் இறப்பர் வளையமேயென்பதை, ரிச்சர்ட் பைன்மன் என்னும் அறிஞர் பனிநீர்க் கிண்ணத்தில் அத்தகைய வளையத்தை அமிழ்த்தி யாவரும் காணக் காட்டினார். பின்லாந்தின் நொக்கியா நகரத்து இறப்பர்த் தொழிற்சாலை 1934இலேயே லொறிகளுக்கெனப் பனிக்கால டயரைச் செய்துவிட்டது. குளிரிலும் விறைக்காத மெல்லிறப்பர், பனியைக் கவ்வும் ஆழ்ந்த வெட்டு ஆகிய இரண்டுமே அத்தகைய டயரின் இலக்கணம். அந்த மென்மை மூப்பினாற் போய்விட்டால், வெட்டு எவ்வளவு ஆழமாயிருந்தாலும் பனியில் அது கட்டையே.

அந்தப் பனிக்கால டயரும் நமது வெப்பநாட்டுக்கு வழிதேடி வந்துவிடுவதுண்டு. யப்பானில் 1990ஆம் ஆண்டின் சட்டமொன்று, வீதியைக் கிளறித் தூசியெழுப்பிய ஆணி பதித்த டயர்களை ஒதுக்கியது. அதன்பின் அங்கே ‘ஸ்டட்லெஸ்’ எனப்படும் ஆணியில்லாத, மிக மென்மையான பனி டயர்கள் பரவின. யப்பானின் பழைய வாகனங்களை வாங்கும் நாடுகளுக்கு, அவ்வாகனங்களிற் சிலவற்றோடு இந்த டயர்களும் வந்துசேர்கின்றன. நியூசிலாந்தில் அதுவே ஒரு பிரச்சினையாகி விதிகள் வகுக்கப்பட்டன. வெப்பமான ஈர வீதியில் அவற்றின் பிடி போதாதென்பதே காரணம். வெட்டோ நெருங்கி ஆழ்ந்து காண்பதற்கு அழகாயிருக்கும். வெட்டை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அதனிலும் சிறந்த டயர் கிடையாது. பக்கச்சுவரில் அச்சொல்லைக் கண்டால் அது நமது கச்சானுக்கும் மாரிக்கும் செய்யப்பட்டதன்று என்று அறிந்துகொள்ளலாம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். வீதிக்கு மேலாக ஆற்றுநீர் பாயும் வேளையில், நான் இதுவரை சொன்ன எக்கணக்கும் பயன்படாது. கிட்டங்கித் தாம்போதியிலும், காரைதீவிலிருந்து அம்பாறை செல்லும் வழியிலுள்ள மாவடிப்பள்ளியிலும் மாரிதோறும் நாம் காணும் காட்சி அது. 2024 நவம்பர் 26ஆந் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்திற் புரண்டு, பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்த ஜனாஸாக்களை நமது ஊர்கள் மறக்கமாட்டா. உழவு இயந்திரத்தின் பெரிய சில்லையும் ஆழ்ந்த வெட்டையும் நம்பி நீரில் இறங்கும் துணிவு நம்மிடம் பரம்பரையாக உண்டு. பாயும் நீர் பக்கத்திலிருந்து தள்ளும்போது, பெட்டியும் பாரமும் ஒருங்கே நகரும். அங்கே புதிய டயரும் பழைய டயரும் ஒன்றுதான்.

அந்த வானுக்கு ஈற்றிற் புதிய டயர்கள் நான்கும் பூட்டப்பட்டன. பெற்றோர் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இரு குடும்பத்தாரின் பங்கை, அவர்கள் அறியாதவாறு, வேறு இருவர் செலுத்தினர். மேலதிக டயருக்குப் பணம் போதவில்லை. கழற்றிய நான்கில், வயதாற் குறைந்த ஒன்றை அதற்கென வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் சாரதி பாடசாலைத் தோட்டத்துக்கென்று கொண்டுவந்து இறக்கினார். டயருக்குள்ளே தேங்கும் மழைநீர் டெங்கு நுளம்பின் தொட்டிலென்பதாற் சுகாதாரப் பரிசோதகர் வருவதற்கு முன்னர் அவற்றில் துளையிடும்படி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். துளையிடும்போது ஒரு பிள்ளை பக்கச்சுவரை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே நீர் போகும்படி வெடிப்புகள் ஏற்கனவே இருக்கின்றனவே, நாம் ஏன் துளையிடவேண்டும் என்று கேட்டது. வெடிப்பு ஆழமாகத்தான் இருந்தது. ஆயினும் துளையிட்டோம், மார்கழி மழைக்கு முன்னர் அவற்றில் வெண்டியும் கத்தரியும் நட்டுமாயிற்று.